மூன்றாம் நாள் மலையில்

சீனி மச்சான்,

நாலு மாதமும் பத்து நாளும் திரைக்குள் இருந்த இத்தா முடிந்து இன்று காலையில்தான் வாசலுக்கு வந்தேன். கரண்ட் கம்பியில் முட்டுகிறதென்று எதிர்வீட்டு வாகையில் கொப்பு தறித்துக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கொப்பு ஒன்று படாரென்று முறிந்தது. நான் அப்படியே மண்ணில் குந்திவிட்டேன். யானை வந்தபோது காடு அப்படித்தான் முறிந்தது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் சிரிக்க வேண்டாம்.

நம்முடைய மூத்த எருமை கன்றோடு பட்டியை விட்டு மலைப்பக்கம் போய்விட்டது. "உன்ட குரலுக்குத்தான் அது வரும், நீயும் வா கா" என்று எப்போதும்போல் செல்லமாகக் கூப்பிட்டீர்கள். விடிய சுபஹ் தொழுதுவிட்டு, மாவடிப்பள்ளி வயலெல்லாம் தாண்டி, மலையடியில் மோட்டார் சைக்கிளை விட்டு நடந்தோம். முதல் இரண்டு நாளும் இருட்டுமுன் வீடு வந்தோம்.

முதல் நாள் காரை முள் என் கையைக் கிழித்தது. பாறையில் குளவி கொட்டி உங்கள் ஒரு கண் மூடிப்போனது. அந்த முகத்தோடு எனக்குப் பாடம் எடுத்தீர்கள்.

"யானை துரத்தினா உடுத்திரிக்கிறதுல ஒண்டக் கழட்டி எறியணும் புள்ள. அது நிண்டு மிதிக்கும். அதுக்குள்ள ஓடிரணும்."

"அப்ப நீங்க சாரனக் கழட்டுங்க. யானை வெக்கத்துல ஓடிரும்."

ஒற்றைக் கண்ணால் முறைத்தீர்கள். பிறகு மலை அதிரச் சிரித்தீர்கள்.

இரண்டாம் நாள் கன்றைக் கண்டோம். பன்றிக்கென்று யாரோ தீனிக்குள் வைத்த வெடியைக் கடித்திருந்தது. கீழ்த்தாடை இல்லை. உயிர் இருந்தது. என் குரலுக்கு எழும்பப் பார்த்தது. பிஸ்மி சொல்லி அறுத்தீர்கள். பிறகு அந்தக் கத்தியால் பாலை மரத்தில் குத்தினீர்கள், குத்தினீர்கள், அலகு உடையும் வரைக்கும்.

"போதும் கா, வீட்ட போவம்" என்று சொன்னது நீங்கள்.

"தாயையும் வெடிக்குக் குடுத்துட்டா வரச் சொல்றீங்க?" என்று கத்தினவள் நான்.

மூன்றாம் நாள் வழிகாட்ட ஆலையடிவேம்புப் பட்டிக்கார அண்ணன் ஒருவர் வந்தார். அவரைக் கண்டதும், "முக்காட்ட ஒழுங்காப் போடு, பிறத்தி ஆம்புள" என்று என் காதுக்குள் சொன்னீர்கள். முக்காட்டை நாடிக்கடியில் இழுத்து ஊசி குத்தினேன்.

வீரை மரக் காட்டுக்குள் எருமை மூச்சு விடுகிற மாதிரிக் கேட்டது. நான் கூப்பிட்டேன். என் குரலுக்கு வந்தது தனியன் யானை. அண்ணன் பாறையில் ஏறிவிட்டார். நீங்களும் ஏறியிருக்கலாம். திரும்பி நின்று, "முக்காட்ட எறி கா, எறி" என்று தொண்டை கிழியக் கத்தினீர்கள். நான் இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தேன். பயமா, வெட்கமா, மேலிருந்து அந்த அண்ணன் பார்க்கிறார் என்றா, எனக்கே தெரியவில்லை.

நீங்கள் போட்டிருந்த சேர்ட்டைக் கிழித்து எறிந்துவிட்டு எனக்கும் யானைக்கும் நடுவில் ஓடி வந்தீர்கள். அது சேர்ட்டைப் பார்க்கவே இல்லை. உங்களைத் தூக்கிப் பாறையில் அடித்தது. பிறகு மிதித்தது. எலும்பு நொறுங்கிய சத்தத்தை நான் கேட்டேன் மச்சான். அது போன பிறகு, ஜனாஸாவென்று உங்கள் உடம்பை அள்ளி எடுக்கத்தான் இருந்தது.

எருமை நாலாம் நாள் தானாகவே பட்டிக்கு வந்துவிட்டது.

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்கிறார்கள். ஓம், நாட்டம்தான். ஆனால் பிடித்திருந்தது என் கை. உயிர் போகிற நேரம் முக்காடு விழுந்தால் குற்றமில்லை என்று மௌலவி திரைக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னார். அவர் எழும்பிப் போனதும் கையில் இருந்த பீங்கானைச் சுவரில் அடித்து உடைத்தேன். இதை முதலே சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லையே.

இறுக்கிப் பிடித்ததில் ஊசி என் உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தது. தழும்பு மாறவில்லை. மாவு குழைக்கும்போதும், துஆவுக்குக் கை ஏந்தும்போதும் அதைத்தான் பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் அதைக் கழற்றி எறிந்து, நாம் இரண்டு பேரும் உயிரோடு வீடு வந்திருந்தால், பிறகு என்னோடு கோபித்திருப்பீர்களா மச்சான்?