தடித்த எழுத்தும் முக்கியமும்

சனி, மார்ச் 14

மழையே இல்லை. புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது. ரப்பர் தோட்ட மண்டபத்துக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு, வெப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல் பற்றி நான் எழுதிய குறிப்பைப் பெரிய கிராணி திருத்தித் தந்துவிட்டார். ஆபீசில் எனக்கு மேல் இருக்கும் தலைமைக் குமாஸ்தா அவர்தான். வகுப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். யாரிடம் போய்ச் சொல்ல?

‘பி’ என்ற குறி போட்டால் தடித்த எழுத்து, ‘ஸ்ட்ராங்’ என்ற குறி போட்டால் முக்கியமானது என்று எழுதியிருந்தேன். இரண்டாவதை அடித்துவிட்டு அங்கேயும் தடித்த எழுத்து என்றே போட்டிருக்கிறார்.

"ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியுது, சாந்தி? பிள்ளைங்கள குழப்பாத லா."

தெரிவது ஒன்றுதான். சொல்வதும் ஒன்றா? முதலாவது வெறும் தோற்றம். மற்றது, இதைக் கவனி என்பது. பெரிய மேதாவி!

வாங்க: தேங்காய், அம்மாவுக்குத் தைலம்.

ஞாயிறு, 15

வகுப்பு. பால்மரம் வெட்டிவிட்டு நேரே வந்த மல்லிகா கேட்டாள். "டீச்சர், எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாது. நான்தான் எல்லாம் வாசிச்சுக் காட்டுவேன். தடிச்ச எழுத்த எப்படி வாசிக்கிறது?"

அப்படிக் கேள்! எல்லாப் படியிலும் ‘முக்கியமானது’ என்று பேனாவால் திரும்ப எழுதிக் கொடுத்தேன். வருவது வரட்டும்.

திங்கள், 16

நாளை ஆற்றோரப் புல்லுக்குக் களைக்கொல்லி மருந்து அடிக்கிறார்கள். காலையில் வேலையாட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டில், அவர்களை மேற்பார்க்கும் மண்டோர் வாசிப்பதற்கு நோட்டீஸ் டைப் செய்தேன். தண்ணீர் நேரம், சம்பள நாள், மருந்து, எல்லாம் ஒரே தாளில். "முக்கியம்! ஆற்றோரம் மாடு விடாதீர்கள்" என்பதைத் தனியே மேலே வைத்தேன். பெரிய கிராணி ‘முக்கியம்’ என்பதை அடித்துவிட்டு அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளினார்.

"தடிச்ச எழுத்துல போட்டாச்சுல்ல? போதும்."

"பெரட்டுல மண்டோர் வாசிக்கிறதத்தானே சார் ஜனங்க கேக்குறாங்க? பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாதே."

"டீச்சர் வேலைய மண்டபத்தோட வெச்சுக்க."

அவர் சொன்னபடியே மாற்றி டைப் செய்து கொடுத்தேன்.

செவ்வாய், 17

காலைப் பெரட்டில் மண்டோர் தாளை ஒரே மூச்சில் வாசித்தாராம். சம்பள நாள் என்றதும் ஆளாளுக்குப் பேச்சு. அதற்குப் பிறகு வாசித்தது யார் காதிலும் விழவில்லையாம். சாயங்காலம்தான் மல்லிகா வந்து சொன்னாள். ஆபீஸ் டெலிபோன் மறுபடி ரிப்பேர்.

புதன், 18

பாக்கியம் அக்காவின் மாடு செத்துப்போயிற்று. சினை மாடு. பச்சைப் புல் ஆற்றோரத்தில்தான் இருக்கிறது என்று நேற்று அங்கே கட்டியிருக்கிறார். ஆபீஸ் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுகை. "யாரும் ஒரு வார்த்த சொல்லலியே!"

பெரிய கிராணி நோட்டீசை அக்கா முகத்துக்கு நேரே நீட்டினார். எழுத்தே தெரியாதவரிடம்! "இந்தா பாரு. தடிச்சுத்தானே போட்டிருக்கு?"

நோட்டீசை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"தடிச்சுத்தான் இருக்கு சார். யாருக்குக் கேட்டுச்சு?"