நீ கையெழுத்து வைத்த அறிக்கை

கோலியர்ஸ் வுட், லண்டன்
சித்திரை, ஞாயிற்றுக்கிழமை

மகள் தக்ஷிகாவுக்கு,

நானும் தம்பி சயந்தனும் சுகம். மெல்பேணில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உனக்கு என்ன குறை. போனில் சொன்னால் மீட்டிங் என்று இடையில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், கடைசி வரி வரை வாசி. தம்பிக்குச் சோதினை முடிந்துவிட்டது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, கவுன்சில்காரர் வருகிறோம் வருகிறோம் என்று ஆறு கிழமை ஆகிவிட்டது. யாக்கோப்பு அண்ணையின் வலது கை இனி மடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அவரை உனக்குத் தெரியாது. குப்பை பிரிக்கும் கொட்டகையில் ஏழு வருடமாக எனக்கு எதிரே நின்று வேலை செய்தவர். வீடுகளின் கறுப்புக் குப்பைப் பைகள் ஓடும் பெல்ட்டில் வரும், கல்லையும் இரும்பையும் பற்றரியையும் நாங்கள் கையால் பொறுக்கி எடுப்போம், மிச்சம் காய்ந்து தூளாகி உங்கள் கம்பனி ஆலைக்குப் போய் விமான எண்ணெய் ஆகிறது. என் மகள் குப்பையில் விமானம் ஓட்டப் போகிறாள் என்று டூட்டிங் கோயிலில் முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் சொன்னவள் நான்.

தை மாதம் ஆலைக்குத் தூள் காணாது, இன்னும் வேணும் என்று பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார்கள். பெல்ட்டின் கணக்கை அங்கிருந்து பார்க்கிறவள் நீதானே என்று அந்தக் கிழமையே உனக்குப் போன் எடுத்தேன். பிள்ளை, கண் பிடிக்க முதல் சாமான் போகுது, ஒருநாள் பற்றரி உள்ள போய் வெடிக்கும் என்றேன். பார்க்கிறன் அம்மா என்றாய். மாசி பன்னிரண்டாம் திகதி காலை, யாரோ எறிந்த வேப், அந்தப் பற்றரி சிகரெட் ஒன்று பைக்குள் நசுங்கிப் பற்றிக்கொண்டது. தள்ளி நில்லுங்கோ தங்கச்சி என்று கத்திக்கொண்டே யாக்கோப்பு அண்ணை எரிகிற பையைக் கையால் இழுத்து நிலத்தில் போட்டார். இல்லாவிட்டால் பின்னால் கிடந்த காய்ந்த குவியல் முழுக்கப் பிடித்திருக்கும், நாங்கள் பதினொரு பேரும் உள்ளே. கையுறை அவருடைய தோலோடு ஒட்டிவிட்டது.

போன கிழமை சூப்பர்வைசர் எங்களைக் கன்ரீனில் இருத்தி உங்கள் கம்பனியின் அறிக்கையை வாசித்தான். பெல்ட்டின் வேகம் சரியாம், பொறுக்குகிறவர்களின் கவனக்குறைவுதான் காரணமாம். கீழே உன் பெயர். அவனுக்கு உச்சரிக்க வரவில்லை, நான்தான் பழக்கதோஷத்தில் எழும்பித் திருத்திச் சொன்னேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் என்ன வாசித்தான் என்பதே எனக்கு உறைத்தது. கட்டுப்போட்ட கையோடு வந்திருந்த யாக்கோப்பு அண்ணை மட்டும், பிள்ளையை மேலால நெருக்கியிருப்பினம், நீங்கள் அழாதேங்கோ என்றார். எனக்கு அந்த மனிசன் ஆறுதல் சொல்கிறார்!

உன்னைக் கேட்டதற்கு, அம்மா அது டேட்டா சொல்லுறது, நான் சொல்லேல்லை என்றாய். உன் தாய் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னது என்ன, கதையா? ஆலை நின்றால் பூமிக்குக் கேடு என்று எனக்கு வகுப்பு வேறு எடுத்தாய். குப்பையில் எண்ணெய் எடுப்பது நல்ல காரியம், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக எங்களைக் காப்பாற்றிய மனிதனைக் குற்றவாளி ஆக்குவாயா?

புதன்கிழமை யூனியனுக்குப் போய் டிலக்சனா என்ற பிள்ளையிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். வேகம் கூட்டியது, அதை உனக்கு நான் சொன்னது, எல்லாம் திகதியோடு. அன்ரி, மகளின்ர வேலை போகும், யோசிச்சுச் சொல்லுங்கோ என்றாள். ஓம், யோசிச்சிட்டன் என்று கையெழுத்து வைத்தேன்.

வைகாசி ஆறாம் திகதி விபத்து விசாரணை, உன்னை வீடியோவில் கேட்பார்கள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. அம்மாளாச்சி உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் வெட்கமும் தரட்டும். விசாரணையில் உண்மையைச் சொல்லாவிட்டால், ஆடிக்கு இங்கே வர எடுத்த விமான ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிடு.

உன்னைப் பெற்ற,
சந்திரவதனா