மதினிக்கு நான் வாசித்துக் காட்டியது

மதினி,

இன்று காலை அடுக்களையில் வெந்தயமும் பூண்டும் கொதிக்கிற வாசம். அடுப்பின் முன்னால் இவர் நின்றிருந்தார். பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து ஒன்றும் பிரிக்கவில்லை.

"இதக் குடிச்சா மாத்திரையே வேண்டாமாம். போன்ல வந்திருக்கு" என்றார்.

உங்களுக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. தாராவியிலேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்த உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. நானோ பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் நானாகவே எழுத்துக் கூட்டப் பழகியவள். செவ்வாய்க்கிழமை பூசை முடிந்ததும் போனை என் மடியில் போடுவீர்கள். "ஏட்டி, வாசி. நீ வாசிச்சா அம்மனே சொல்லுத மாதிரி இருக்கு." அந்தச் செய்தியின் மேலேயும் அம்மன் படம். எனக்கு அது போதாதா? எதையும் நோட்டில் குறித்து வைக்கிற நான், அதை எழுதியது யார் என்று மட்டும் பார்க்கவில்லை. பாட்டுப் படிக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை வாசித்தேன்.

என்ன ஒழுங்கு உங்களுக்கு! விடிந்ததும் சயான் கோட்டை வரை நடை, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். நான் அப்பளத்துக்குக் கை நீட்டினால் தட்டிவிடுவீர்கள். "உப்பையும் குறை, ஊர்வம்பையும் குறை." அதே ஒழுங்கோடு கசாயத்தைக் குடித்தீர்கள், மாத்திரையை விட்டீர்கள். பன்னிரண்டாம் நாள் குழாயடியில் விழுந்தீர்கள்; அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. "வயசாச்சுல்லா" என்றார்கள் எல்லாரும். நானும் தலையாட்டினேன்.

அதிலிருந்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிற எதையும் நான் வாசிப்பதில்லை. எழுதிய டாக்டர் யார் என்று கேட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இன்று இவரிடமும் "அத நம்பாதீங்க" என்றேன். இவர் சிரித்தார். "ஊருக்கே வாசிச்சுச் சொன்னவ நீ. இப்ப நம்பாதன்னு சொல்லுததும் நீயா?"

வேறு வழி தெரியவில்லை. "மதினி மாத்திரைய நிறுத்துனதே நான் வாசிச்சதக் கேட்டுத்தான்" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு டாக்டரிடம் வந்தார். பிரஷர் ஏறித்தான் இருந்தது. டாக்டர் திட்டி, மறுபடி மாத்திரையைத் தொடங்க வைத்தார். பிரஷர் பார்க்கப் பட்டை சுற்றிய இவர் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மான்குர்திலிருந்து உங்கள் மகன் வருவான். வரும்போதெல்லாம் கேட்பான்: "அத்தை, அம்மா மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான போட்டாங்க?" "போட்டாங்கய்யா" என்றே இதுவரை சொல்லி வந்திருக்கிறேன்.

இந்த ஞாயிறு இவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.