கேலி வண்டி

மார்ச் 3

இன்று நான் சொல்லாதது: "ஆமாம் சார், ஒன்றாகத்தான் இருந்தீர்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தருக்கு எதிராக."

விழாக் குழுச் செயலாளர் நூலகத்துக்கு வந்து என் மேசைமேல் ஓர் அட்டைப் பெட்டியை வைத்தார். உள்ளே நூற்றுப் பன்னிரண்டு புகைப்படங்கள். ஆகஸ்ட் பதினைந்து ஊர்வலம் நின்றுபோய்ப் பதினேழு வருடமாகிறது. அதன் நினைவாகக் கண்காட்சியாம். ஒவ்வொரு படத்துக்கும் நான் இரண்டு வரி எழுத வேண்டுமாம்.

"அந்தக் காலமே வேறம்மா. பேண்டு என்ன, வண்டிங்க என்ன, ஊரே ஒண்ணா இருந்துச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஈரம் இல்லை. பார்த்தேன்.

"சரிங்க சார்." அதுதான் சொன்னது.

மார்ச் 4

ஊர்வலத்தின் கடைசியில் கேலி வண்டி வரும். அந்த வருடம் ஊருக்குப் பிடிக்காமல் போன ஒருவரைப் போல வேடமிட்டு யாராவது அதில் ஆடுவார்கள். யாரைப் போல என்பது அன்றுவரை ரகசியம். ஒரு வருடம் திக்கிப் பேசும் தபால்காரர். ஒரு வருடம் கணவனை விட்டு வந்த தையல்காரி.

எனக்கு ஆறு வயதானபோது அம்மா. ஐந்தாம் வகுப்பு டீச்சர். பரீட்சை வாரத்தில் ஊர்வல ஒத்திகைக்குப் பிள்ளைகளை அனுப்ப முடியாது என்றாள். அவ்வளவுதான் குற்றம். அம்மாவாக வேடமிட்டு இடுப்பை ஆட்டியவர் இதே செயலாளர்தான். மீசையை எடுக்காமலே ஆடினாராம். அதுதான் ரொம்பச் சிரிப்பாம்.

மார்ச் 5

செயலாளர் அம்மாவாக ஆடும் படமும் பெட்டியில் இருக்கிறது. அதைத்தான் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் வைக்கப்போகிறார்.

"அம்மா வருத்தப்படுவாங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அட, உங்கம்மாவே சிரிச்சாங்கம்மா! வண்டி மேல நின்னு நான் பார்த்தேனே. டீச்சருக்குத் தங்கமான மனசு."

மார்ச் 6

ஒரு மனிதரை இவ்வளவு வெறுக்க எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தானாக வருகிறது.

மார்ச் 9

பூதக்கண்ணாடி வைத்துக் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், யார் யார் சிரித்தார்கள் என்று பட்டியல் எடுக்க. மளிகைக்கடைக்காரர். மருந்துக்கடை அண்ணன். என் மாமா — அம்மாவின் கூடப் பிறந்த தம்பி! அவர் தோளில் ஒரு குழந்தை, வாய் கொள்ளாத சிரிப்பு, இரண்டு கையும் தட்டுகிறது.

அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். அம்மா தைத்தது.

அன்று எனக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன் என்றுதானே இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்? யார் சொன்னது? அம்மா.

மார்ச் 10

கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்னு ஏம்மா பொய் சொன்னே?"

"ஆறு வயசுப் பிள்ளைகிட்ட வேற என்னத்தைச் சொல்ல?"

"நான் சிரிச்சேனா?"

"எல்லாரும்தான் சிரிச்சாங்க. நீ கொஞ்சம் சத்தமா."

"நீ?"

"நானும்தான். அத்தனை பேர் என் மூஞ்சியையே பார்க்கறாங்க. மறுநாள் பள்ளிக்கூடம் போகணும். நடுரோட்டுல நின்னு அழவா முடியும்?"

துணியை அலமாரியில் வைக்கப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம். பாவி, ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 12

படத்தை ஒளித்துவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். இல்லை. அதன் கீழே எழுதியது இது:

'பரீட்சை வாரத்தில் தன் வகுப்பை ஒத்திகைக்கு அனுப்ப மறுத்த ஆசிரியையை ஊர் கேலி செய்த நாள். வேடமிட்டிருப்பவர் இன்றைய செயலாளர். வலது ஓரம், தோளில் கைதட்டும் குழந்தை அந்த ஆசிரியையின் மகள். இந்தக் குறிப்பை எழுதியவள்.'

அம்மா படித்தாள். "உன்னை எதுக்குடி எழுதினே? அதை எடுத்துடு."

"அதை எடுத்துட்டு மத்தவங்களை மட்டும் எழுத எனக்கு என்ன யோக்கியதை?"

காகிதத்தை என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

மார்ச் 20

கண்காட்சி திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செயலாளர் என் குறிப்பைக் கிழித்தார். "இதென்னம்மா, கோர்ட்டு சம்மன் மாதிரி? ஒரு தமாஷைக்கூடத் தாங்க முடியாதா உங்களால?"

இன்னொரு படி கொண்டுபோயிருந்தேன். ஒட்டினேன். அதையும் கிழித்தார். மூன்றாவதை ஒட்டியபோது சுற்றி நின்றவர்கள் படித்து முடித்திருந்தார்கள். மளிகைக்கடைக்காரர் என்னை வெறித்துப் பார்த்தார். "படிச்ச திமிரு" என்றது யாரென்று தெரியவில்லை. மொத்த ஊருக்கும் அதே குரல்தான்.

ஏப்ரல் 2

ஊர்வலத்தை மறுபடி நடத்தப்போகிறார்களாம். கேலி வண்டி உண்டு. யார் என்பது ரகசியமாம்! நூலகத்தில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

ஆகஸ்ட் 16

நேற்று ஊர்வலம். போக வேண்டாம் என்றேன். அம்மாதான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

கடைசி வண்டியில் நான். என்னைப் போல் பின்னல், கண்ணாடி. கையில் நீளமான காகிதச் சுருள். பார்ப்பவர்கள் பெயரையெல்லாம் கீச்சுக் குரலில் வாசித்துக்கொண்டே வந்தான் மருந்துக்கடை அண்ணனின் மகன். தெரு முழுக்கச் சிரிப்பு. என் முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா என் கையை விட்டுவிட்டு நடுத்தெருவுக்குப் போனாள். வண்டி நின்றது.

"இறங்குடா."

அவன் அவளிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இறங்கிவிட்டான். மீதித் தெருவைக் காலி வண்டி கடந்தது.