தூக்காத கயிறு

இன்று காலை வகுப்புக்குள் நுழைந்ததும் ஷூ பாலிஷ் வாடை. கேடட்டுகள் விறைப்பாக எழுந்து நின்றார்கள். கல்லூரியின் தேசிய மாணவர் படைக்கு முன்பு நீ எடுத்துவந்த ஒழுக்க நெறி வகுப்பை இப்போது நான் எடுக்கிறேன். நீ போய் நாற்பது நாள் ஆகிறது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே கல்லூரியில் பாடம் நடத்தி, ஒரே படைக்குப் பொறுப்பாக இருந்தோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் மட்டும் ஒத்துப்போனதில்லை. நான் விதிகளைப் போர்டில் எழுதி ஒப்பிக்கச் சொல்வேன். நீ ஒரு சங்கடத்தைச் சொல்லி, என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வாய்.

"ஆர்டர்னா ஆர்டர்தாம்ப்பா, இதுல கேள்வி இன்னா?" என்பேன்.

"கேக்கட்டும்டா. நாளைக்கு இவங்க கையில துப்பாக்கி குடுப்பாங்க" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தப் பௌர்ணமியன்று மத்தியானமே கிரிவலப் பாதையில் கூட்டம். ஆம்புலன்ஸ் நிற்கும் பக்கம் யாரும் போகாதபடி நம் பிள்ளைகள் கயிறு பிடித்து நின்றார்கள். "நான் சொல்ற வரைக்கும் யாருக்கும் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். மயங்கி விழுந்த கணவரைத் தாங்கிக்கொண்டு ஓர் அம்மா ஆம்புலன்ஸுக்குப் போக வழி கேட்டிருக்கிறார். அடி அண்ணாமலையிலிருந்து வரும் அந்தப் பெண் கேடட், "சார் இப்ப வந்துடுவாரும்மா" என்று அழுதுகொண்டே கயிற்றை விடவில்லை. நான் வந்தபோது அந்தக் கணவரின் உயிர் போயிருந்தது.

விசாரணையில், உத்தரவு யாருடையது என்று கல்லூரி முதல்வர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அன்று பாதையின் மறுபக்கம் நின்றிருந்த நீ, "நான்தாங்க சொன்னேன்" என்றாய். ஒழுக்கம் சொல்லிக்கொடுத்த நீ எனக்காகப் பொய் சொன்னாய். வெளியே வந்ததும், "உம் பொண்ணு கல்யாணம் நெருங்குது, உடு" என்றாய். உன் பொறுப்பைப் பறித்தார்கள். அவள் படையை விட்டே நின்றுவிட்டாள்.

பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்காரக் கூசி, வேறு பஸ் பிடிக்கத் தொடங்கினேன். நெஞ்சு வலியில் நீ போனதைக்கூட யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்று உன் வழியில்தான் வகுப்பெடுத்தேன். நடந்ததை அப்படியே சொன்னேன். முன் வரிசையில் ஒருத்தி எழுந்து, "அந்த ஆர்டர யாரு சார் குடுத்தது?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. உன் பெயர்தான் வந்தது.

"சரிங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர்களைப் பழக்கியவன் நான்தான்.