செனியாவுக்கு ஒரு எம்.எல். தீனி

இன்று காலை மீன் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைத் துடைக்கும்போது உன் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்திரி ஒரு முனையில் உரிந்து தொங்குவதைப் பார்த்தேன். தினமும் தொடுகிற பாட்டில்தான். இன்றுதான் அதில் நீ எழுதியிருந்ததை மறுபடியும் படித்தேன். "தீனி. ஒரு எம்.எல். கை நடுங்கக் கூடாது." கடைசி வரி எனக்காக எழுதியது. உரிந்த முனையை விரலால் அழுத்தினேன், ஒட்டவில்லை. மேலே செல்லோ டேப் சுற்றிவிட்டு, பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

திருப்பதியில் அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் சேர்ந்து மூன்று வாரம் வரை யாரிடமும் வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசியதில்லை. புத்தூரிலிருந்து ரயிலில் வருவேன், வேலையை முடிப்பேன், ரயிலில் போவேன். பலமனேரிலிருந்தும் பாகாலாவிலிருந்தும் ஆட்கள் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதில் நைட்ரேட் எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று பார்த்து எழுதித் தருவோம். பக்கத்து மேசையில் நீ. சித்தூர்க்காரி, வாய் ஓயாது. ஒருநாள் என் பக்கம் திரும்பி, "இன்னாமே, வாய்க்குள்ள சாம்பிள் தண்ணி வச்சிக்கினு கீறியா? தொறந்தா கொட்டிடுமா?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமையே, திருப்பதியிலேயே இருந்த உன் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

வீட்டில் நீயும் உன் அம்மாவும் மட்டும். ஹாலில் பாதியை அந்த மூன்றடித் தொட்டி பிடித்திருந்தது. கடலே பார்க்காத நான் கடலை முதலில் பார்த்தது அங்கேதான். கடல் உப்புப் பொட்டலம் கரைத்த தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள், சட்டைப் பொத்தான்களை வரிசையாக அடுக்கியது போலப் பச்சைப் பவளங்கள். நடுப்பாறையில் செனியா. எலும்பில்லாத மென்பவளம். தண்டு தண்டாகக் கிளைத்து, ஒவ்வொரு தண்டின் நுனியிலும் சின்னச் சின்னக் கைகள். அந்தக் கைகள் விரிந்து மூடி, விரிந்து மூடி, ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். உன்னைப் போலவே என்று நினைத்தேன். சொல்லவில்லை.

நீ முதலில் காட்டியது மீனையும் அல்ல, பவளத்தையும் அல்ல. ஒரு நோட்டு. நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட் ஜீரோ என்று பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொரு ஜீரோவுக்குள்ளும் கண்ணும் வாயும் வரைந்து சிரிக்க வைத்திருந்தாய். "நம்ம லேபுக்கு வர தண்ணியில ஒண்ணு இந்த மாதிரி கீதா, சொல்லு பாக்கலாம்" என்றாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நைட்ரேட் ஜீரோ என்றால் நல்ல தண்ணீர். அதைத்தானே நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தோம். வேறு தொழிலில் இருந்தவர்கள் என்றால் அந்த ஜீரோவைப் பார்த்து ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். நாம் இரண்டு பேரும் கேட்கவில்லை.

பிறகு மணல் மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒன்று படர்ந்தது. நூல் நூலாக, நடுநடுவே குமிழோடு. செனியாவின் கைகள் நின்றுபோயின. அழுக்கு சேர்ந்துவிட்டது என்று நீ இன்னும் தேய்த்தாய். மீனுக்குப் போடும் தீனியைக் குறைத்தாய். பாஸ்பேட்டை உறிஞ்சும் மருந்துப் பையை இன்னொன்று வாங்கித் தொங்கவிட்டாய். தேய்க்கத் தேய்க்கச் சளி அதிகமானது. நான் சனிக்கிழமைதோறும் வந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால், உன் பிரஷ் நுழையாத சந்தில், மீன் கழிவு சேருகிற இடத்தில் நாலு பொத்தான் பவளங்கள் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன. அதைப் பார்த்து எனக்குப் பட்டதை இரண்டு வாரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் சொல்லிவிட்டேன்.

"அது பட்டினி கெடக்குது."

"இன்னாது?"

"நைட்ரேட்டுதான் செனியாவுக்குச் சாப்பாடு. நீ ஒண்ணுமே உட்டுவைக்கல. வெறும் தண்ணியிலதான் இந்தச் சளி படருது. எங்க நைனா மாமரம் பூக்கறதுக்குப் பொட்டாசியம் நைட்ரேட்டு தெளிப்பாரு. அதான் இதுக்கும் வேணும்."

நீ சோபாவில் விழுந்து சிரித்தாய். "அவுனா, நெஜமாவா? கடலுக்கே உரம் போடச் சொல்றா பாரும்மா! ரெண்டு மூட்ட யூரியா எறக்கலாமா?"

சமையலறையிலிருந்து உன் அம்மா குரல் வந்தது. "சிரிக்காதடி. அந்தப் பொண்ணு வாயத் தொறந்ததே இன்னிக்குத்தான்."

திங்கட்கிழமை நீ கண் சிவந்து வந்தாய். ஞாயிறு முழுக்கப் போனில் படித்திருக்கிறாய். "நீ சொன்னது கரெக்ட்டுமே" என்று மட்டும் சொன்னாய். ஆனால் அடுத்த நிமிஷமே நைனாவின் மூட்டையிலிருந்து ஒரு பிடி கொண்டுவா என்று ஆரம்பித்தாய். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. வயலுக்கு வருகிற உரத்தில் செம்பு கலந்திருக்கலாம். மாமரம் தாங்கும், பவளம் தாங்காது. ரசாயனக் கடையில் சுத்தமானதாக வாங்கினோம். சாம்பிள் படிவத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். ஒரு எம்.எல். விட்டால் உன் தொட்டியில் நைட்ரேட் அரை பி.பி.எம். ஏறும்படி கலந்தோம். சிரிஞ்சில் நீ உறிஞ்சி என் கையில் கொடுத்தாய். "நீதான் கண்டுபுடிச்ச. நீயே உடு." என் கை நடுங்கிய நடுக்கத்தில் பாதி வெளியே போனது. அன்று ஒட்டியதுதான் இந்தப் பிளாஸ்திரி.

முதல் பத்து நாள் எவ்வளவு விட்டாலும் ஜீரோதான். பசி அப்படி. ஒரு மாலை பரிசோதனைக் குழாயில் லேசாக ரோஜா நிறம் வந்தது. தண்ணீரில் நைட்ரேட் இருக்கிறது என்று நாம் கைதட்டியது அது ஒரு தடவைதான். செனியா இரண்டு மூன்று கைகளை விரிக்கத் தொடங்கியது. முழுதாக அல்ல. பாஸ்பேட் இன்னும் ஜீரோ. அதையும் கொஞ்சம் விடலாம் என்றேன். நீ கையெடுத்துக் கும்பிட்டாய். "அது மட்டும் வேணாம்மே. பாசி பூந்துடும். நான் செத்தாலும் பாஸ்பேட்டு போட மாட்டேன்." அது இல்லாமல் செனியா தேறாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. ஏழு நாள். உன் அம்மா உன்னோடு ஆஸ்பத்திரியில்; வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. ரயில் இறங்கியதும் தொட்டியைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்க்க வருவேன். நாலாவது நாள், கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

"இன்னா நம்பரு?"

"அஞ்சு."

"பாஸ்பேட்டு?"

"ஜீரோ."

போர்வைக்கு வெளியே கட்டை விரல் மட்டும் உயர்ந்தது. அது தப்பான ஜீரோ என்று உன்னிடம் சொல்ல எனக்கு அன்று மனம் வரவில்லை. பிறகு நாள் இல்லாமல் போனது.

கருமாதி அன்று வந்தபோது தொட்டியைப் பார்க்க முடியவில்லை. சளி மணலை மூடியிருந்தது. செனியா சுருங்கி ஒரு கட்டை விரல் அளவு ஆகியிருந்தது. உன் அம்மா சுவரில் சாய்ந்தபடி சொன்னாள்: "அவளே போய்ட்டா, இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? பாத்தாலே வயிறு பத்திக்குது. யாருக்கனா குடுத்துடு. இல்லன்னா சாக்கடையில உட்டுடு."

"நான் எடுத்துக்கினு போறேன்மா" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு கேன் தண்ணீர், மூடி போட்ட வாளிகளில் மீனும் பாறையும், மேலே கட்டிய வெறும் தொட்டி. சரக்கு ஆட்டோக்காரர் கேனை எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, தண்ணிக்கி எலும்பு முறிஞ்சிபோச்சா? புத்தூருக்குக் கட்டு போட இட்டுக்கினு போறியா?" என்றார். நீ இருந்திருந்தால் ரேணிகுண்டா வரும்வரை அவரைப் பதிலுக்குக் கிண்டலடித்துக்கொண்டே வந்திருப்பாய். வீட்டில் நைனா தொட்டி வைக்கச் சுவரோரம் இடம் ஒதுக்கி, மட்டப்பலகை வைத்துச் சரிபார்த்தார். "ஊர்ல எல்லாம் உப்புத் தண்ணிய வெளிய எறக்கறான். நாம உள்ள வச்சி உரம் போடறோம்" என்றார். ஆனால் மின்சாரம் போனால் காற்றுக் குழாய்க்கு பேட்டரி மாட்டுவது இன்றைக்கும் அவர்தான்.

மறுநாள் காலை அந்த உறிஞ்சும் பையை வெளியே எடுத்துப் போட்டேன். பாஸ்பேட் உப்பை எடை போட்டுக் கலந்தேன். "நீ சொன்னது தப்பு" என்று தொட்டியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். நீ உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியது. நீ சண்டை போட்டிருப்பாய், ஞாயிறு முழுக்கப் படித்திருப்பாய், திங்கட்கிழமை கரெக்ட் என்று வந்து நின்றிருப்பாய். சிரிஞ்சை எடுத்து ஒரு எம்.எல். விட்டேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

பாறைகள் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டே இருந்தன. ஒரு வாரம் ஜீரோ. ஒன்பதாம் நாள் பரிசோதனைக் குழாயில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பாஸ்பேட்டின் நீலம். விடாமல் கொடுத்தேன், அதிகமாகவும் கொடுக்கவில்லை. நீ பயந்த பாசி கண்ணாடியில் கொஞ்சம் வந்தது. துடைத்தால் போய்விடுகிற பாசி. சளி ஓரத்திலிருந்து விட்டுக் கொடுத்தது. ஒரு காலை, கட்டை விரல் அளவாகச் சுருங்கிய செனியாவின் நுனியில் ஒரே ஒரு கை விரிந்தது. மூடியது. மறுபடி விரிந்தது. நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

போன மாதம் உன் அம்மா வந்தாள். வாசலிலேயே நின்றாள். பிறகு மெதுவாகத் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். செனியா இப்போது உன் வீட்டில் இருந்ததைவிட இரண்டு மடங்கு. நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது இன்னாத்துக்கு இப்படிக் கைய ஆட்டுது? வான்னு கூப்புடுதா, போன்னு சொல்லுதா?"

"துன்னுதும்மா."

"இன்னா நம்பரு?" உன்னைப் போலவே கேட்டாள்.

"நைட்ரேட் அஞ்சு. பாஸ்பேட் பாயிண்ட் ஜீரோ அஞ்சு."

"ஜீரோ இல்லியா? அவ கீறாளே, அவ திட்டுவாளே."

"திட்டட்டும்மா" என்றேன்.

உன் அம்மா சிரித்தாள். உன் சாவுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். போகும்போது சிரிஞ்சைக் கேட்டு வாங்கி, அன்றைய தீனியை அவளே விட்டாள்.

உன் நோட்டையும் நான்தான் எழுதுகிறேன். உன் கடைசி ஜீரோவுக்குக் கீழேயே தொடங்கினேன். முகம் வரைவதில்லை, அது உன் வேலை.

பாஸ்பேட் பாட்டிலுக்கு இத்தனை நாளாகப் பெயர் ஒட்டவில்லை. கை தானாக எடுக்கும், அதனால் தேவைப்படவில்லை. இப்போது டேப்பும் பேனாவும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு துண்டு பிளாஸ்திரி வெட்டி எழுதி ஒட்டியிருக்கிறேன். "இதுவும் தீனிதான். ஒரு எம்.எல். கை நடுங்கவில்லை."