நான் ஒட்டிய நோட்டீஸ்

நிக்டி, பூனா
ஞாயிறு காலை

அன்பு மகள் ஜெனிபருக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் உன் தம்பி அமலும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். போனில் எனக்குக் கோபப்பட வராது, அதனால் எழுதுகிறேன். தடம் புரளாமலிருக்க முதலிலேயே வரிசை:

1. கம்பெனி நடத்திய முகாம்.
2. நான் ஒட்டிய நோட்டீஸ்.
3. அமல் யாரிடமும் வாய் திறக்க மாட்டான், ஆகவே நீ சொல்லும் மனநல டாக்டர் வீண்.

தளேகாவ் தொழிற்சாலை தீப்பிடித்துப் பதினோரு மாதம். பின்பக்க ஷட்டரைப் பூட்டி வைத்திருந்ததால் கீழ்வீட்டு இஸ்மாயிலோடு ஆறு பேர் போனார்கள், அமல் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினான், இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது, போன வாரம் கம்பெனிக்காரர்கள் முகாம் என்று பிழைத்தவர்களை ஒரு ஹாலில் உட்காரவைத்து, மூச்சை இழுத்துவிடச் சொல்லி, ‘நாங்கள் மீண்டுவிட்டோம்’ என்று அச்சடித்த பனியனைப் போடவைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஏசிக்காக ஹால் கதவைச் சாத்தினார்களாம், அமல் எழுந்து வெளியே வந்துவிட்டான். ஒத்துழைக்கவில்லை என்று அவன் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறார்கள். ஷட்டரைப் பூட்டச் சொன்னவன் பெயரை இதுவரை எவனும் எங்கும் எழுதவில்லை.

தீ விபத்து நடந்ததிலிருந்து நம் வீட்டிலும் இஸ்மாயில் மனைவி பாத்திமா வீட்டிலும் பகல் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கிறது. திருட்டு பயமாம், எல்லாரும் கதவைச் சாத்த வேண்டும் என்று நம் குடியிருப்பின் சொசைட்டி கமிட்டி தீர்மானம் போட்டது. மினிட்ஸ் எழுதுகிறவன் நான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அழகாக எழுதி, படிக்கட்டில் நானே ஒட்டினேன். என்னை என்ன சொல்வது. பாத்திமா அதைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தாள். “மாமா, கையெழுத்து முத்து முத்தா இருக்கு. தெனம் சாயங்காலம் ஒங்க மவன் எங்க வாசல்ல ஒக்காந்துதான் அவர பத்திப் பேசுதான், நானும் அழுதுகிட்டே கேக்கேன். கதவ சாத்திட்டா எங்க போயிப் பேசுவான், ஒங்ககிட்டயா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நேற்றுக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். ‘பஸா காகா, பஸா’ என்று செக்ரட்டரி ராஜஸ்ரீ உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. மினிட்ஸ் நோட்டில் அந்தத் தீர்மானத்தைக் குறுக்கே அடித்தேன், எங்கள் கதவுகள் திறந்துதான் இருக்கும், திருடன் வந்தால் முதலில் என் வீட்டுக்கு வரட்டும் என்றேன். சரியாகச் சொன்னேனா என்று இப்போதும் சந்தேகம்.

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. குளிரில் காதை மூடிக்கொள். நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி இருக்க என் ஆசீர்வாதம்.

மூன்றாவதற்கு வருகிறேன். பாத்திமா சொன்னதில் கதவைப் பற்றியது மட்டுமே என் காதில் விழுந்திருக்கிறது, எழுதிப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. அந்த டாக்டரின் நம்பரை மறக்காமல் அனுப்பு, அமலிடம் நானே கேட்கிறேன். மூன்றாவது தவறு. அவன் பேசுகிறான், பதினோரு மாதமாக நான்தான் கேட்கவில்லை.

அப்பா
ஆரோக்கியசாமி